பன்னிரண்டாவது தட்டின் சத்தம்

அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் வாயாலேயே செய்து காட்ட முடியும். முதலில் சின்ன முனகல். பிறகு படிப்படியாக ஏறி, தேங்காய் இல்லாமல் ஓடும் துருவல் மிஷின் மாதிரி வீறிட்டு, ஐந்தாறு விநாடி அப்படியே நின்றுவிட்டு இறங்கும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு, எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்த எங்கள் சின்ன ஆபீசில், அதை முதல் தடவையாகக் கேட்டேன். கேட்டுவிட்டு, படிவத்தில் ‘பாஸ்’ என்று எழுதினேன்.

சி.டி., டி.வி.டி. என்று வரும் வீடியோ தட்டுகளில் இருப்பதைக் கணினிக்குள் பிரதி எடுத்து வைக்கும் மென்பொருள் ஒன்றை எங்கள் முதலாளி தயாரித்து விற்றுக்கொண்டிருந்தார். இந்தக் காலத்தில் யார் தட்டு போட்டுப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கிறவர்கள் குறையக் குறையத்தான் எங்களுக்கு வேலை கூடியது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று ஆசை ஆசையாக எடுத்து வைத்த தட்டுகளெல்லாம் இந்த ஊர் ஈரக்காற்றில் பூத்துப்போய், வீட்டுக்கு வீடு அலமாரிக்குள் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. புதுப் பதிப்பு வெளிவருவதற்கு முன் அதன் முன்னோட்டமான பீட்டாவைச் சோதித்துப் பார்ப்பது என் வேலையும் சூப்பர்வைசர் அண்ணன் வேலையும். சோதனைக்கென்று தட்டு வாங்கித் தரும் பழக்கம் முதலாளிக்கு இல்லை. அவரவர் வீட்டிலிருந்தும் சொந்தக்காரர் வீட்டிலிருந்தும் கொண்டுவர வேண்டும். அந்த வகையில் சுங்கை பாக்காப் ஊரில் என் மாமியார் வழி சனங்கள் அத்தனை பேரும் கல்யாணப் பந்தலில் ஆடிய ஆட்டத்தை நான் மனப்பாடமாக ஒப்பிப்பேன்.

சூப்பர்வைசர் அண்ணன் எங்கள் ஆபீசில் யாருக்கும் சூப்பர்வைசர் இல்லை. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் மிஷின்களுக்கு நடுவே இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தவர். அங்கே ஆட்குறைப்பு நடந்தபோது வேலை போயிற்று, பட்டம் மட்டும் கூடவே வந்தது. காதும் அங்கேயே போய்விட்டது. முழுக்க இல்லை. கீச்சுச் சத்தங்கள் முதலில் போயின. போன் மணி, கெண்டியில் தண்ணீர் கொதிக்கும் விசில், குருவி எதுவும் அவருக்கு இல்லை. எதிரே உட்கார்ந்து சத்தமாகப் பேசினால் இடது காதில் விழும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. படத்தை அவர் பார்ப்பார், ஒலியை நான் கேட்பேன். “எனக்குக் கண்ணு, ஒனக்குக் காது. ரெண்டு பேரும் சேந்தாதான் ஒரு ஆளு லா” என்று எங்கள் ஊர் ‘லா’ போட்டுச் சொல்வார். நானும் சிரித்துக்கொண்டே, அப்படியானால் சம்பளத்தையும் ஒரு ஆள் சம்பளமாக்கிவிடப் போகிறார்கள் என்று சொல்வேன்.

அந்த பீட்டாவுக்காக அண்ணன் எங்கள் எல்லாரையும்விட அதிகமாகக் காத்திருந்தார். காரணம் அவருடைய பையில் இருந்தது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைத் திருப்பலியை ஒரு ஸ்டூடியோக்காரர் படமெடுத்துக் கொடுத்த தட்டு. அன்றைக்குக் கோயிலில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசித்தது அண்ணனின் மனைவி. அவர் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. போட்டோ வீடு நிறைய இருந்தது. குரல் அந்த ஒரு தட்டில் மட்டும்தான். ஸ்டூடியோ எப்போதோ மூடியாகிவிட்டது. தட்டு வீட்டில் ஓடாமல் திக்கியது. கடைக்காரர்கள் முடியாதென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்களுடைய பழைய பதிப்பும் கெட்டுப்போன இடம் வந்ததும் கையை விரித்து நின்றுவிடும். புதியது அப்படியில்லை. படிக்க முடியாத இடத்தில் திரும்பத் திரும்ப முயன்று, வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, எப்படியாவது எடுத்துவிடும் என்றார்கள். காது டாக்டரோ, மிச்சமிருக்கும் இடது காதும் ரொம்ப நாள் தாங்காது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். தட்டும் காதும் போட்டி போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. “எது முந்துதுன்னு பாப்போம்” என்று அவர் சொல்வார்.

அந்த வெள்ளிக்கிழமை பழுதான தட்டுகளுக்கான சோதனை என் பொறுப்பு. பன்னிரண்டு தட்டுகள். பதினொன்று ஒழுங்காக முடிந்தன. பன்னிரண்டாவதில்தான் அந்த வீறிடல் வந்தது. கெட்ட இடத்தில் தட்டை முழு வேகத்துக்குச் சுழற்றிவிட்டு, அடுத்த கெட்ட இடத்தில் மறுபடியும் அதையே செய்தது. மேசைகூட லேசாக நடுங்கியது. ஆனால் திரையில் ஒரு பிழையும் இல்லை, பிரதி முழுசாக வந்துவிட்டது. எங்கள் படிவத்தில் படம், ஒலி, நேரம் என்று கட்டங்கள் உண்டு; தட்டைச் சுழற்றும் டிரைவ் போடும் சத்தத்துக்குக் கட்டம் கிடையாது. தனியாக எழுதினால் பன்னிரண்டு தட்டையும் வேறு டிரைவில் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா ஆறு மணி தாண்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீட்டுக்குப் போகிற கடல் பாலத்தில் ஜாம் ஆரம்பித்துவிடும். பையைத் தோளில் மாட்டியபடி நிற்கும்போது அண்ணன் கேட்டார்.

“சத்தம் கித்தம் ஏதாச்சும் மாறுச்சா தங்கச்சி?”

“இல்லண்ணே. டிரைவ்தான் பழசு லா. வேற ஒண்ணுமில்ல.”

அவர் என் படிவத்தின் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். என் காதை அவ்வளவு நம்பினார். அந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கீழே இறங்கியதும் அண்ணன் கைக்குட்டையில் சுற்றியிருந்த தட்டை எடுத்தார். நான் அதை வாங்கிப் பார்த்தேன். நடுத்துளையின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ஊதினேன், போகவில்லை. துணியால் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. சரி, பழைய கீறலாக இருக்கும் என்று டிரைவில் வைத்துத் தள்ளிவிட்டேன்.

பிரதி எடுப்பதற்கு முன் எந்தப் பகுதியையும் அரை நிமிஷம் ஓட்டிப் பார்க்கலாம். அண்ணன் திரையில் விரலை வைத்து, “இதுதான், இதுதான்” என்றார். நீலச் சேலையில் ஓர் அம்மாள் மைக்கின் முன் வந்து நின்று புத்தகத்தைத் திறந்தார். ஹெட்போனை அண்ணனிடம் நீட்டினேன். “வேணாம். இதுல எனக்குச் சரியா விழாது. முழுசா எடுத்துக் குடு, வீட்ல பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுக்கிறேன். நீயே பாத்துரு” என்றார். நான் மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒலி சரி. பிரதி பொத்தானை அழுத்தினேன்.

ஏழெட்டு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அந்த முனகல் ஆரம்பித்தது. ஏறியது. நிறுத்தும் பொத்தானுக்கு என் கை நீளவில்லை. வெள்ளிக்கிழமையும் இப்படித்தானே வந்தது, ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணனுக்குச் சத்தம் கேட்கவில்லை. தொழிற்சாலைப் பழக்கத்தில் டிரைவின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

“அதிருதே தங்கச்சி. நிப்பாட்டவா?”

“பழைய டிரைவுண்ணே. அப்படித்தான் அதிரும்” என்றேன். நிறுத்தினால் வெள்ளிக்கிழமை நான் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே. அதுதான் உண்மையான காரணம், வேறு எதுவும் இல்லை.

அப்புறம் வந்த சத்தம் அவருக்கும் கேட்டது. டிரைவின் முன்கதவு தெறித்து மேசைக்குக் கீழே விழுந்தது. உள்ளே தட்டு பத்துப் பதினைந்து துண்டாகக் கிடந்தது. நடுத்துளையில் இருந்தது முடியுமில்லை, கீறலுமில்லை, விரிசல். முழு வேகத்தில் அது வாய் பிளந்துவிட்டது. கணினிக்குள் வந்து சேர்ந்தவை ஸ்டூடியோவின் பெயரும், இரண்டு ரோஜாப்பூவும், கோயில் வாசலும் மட்டுமே. அண்ணன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் வைத்தார். முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு வந்த முதலாளி டிரைவைப் பார்த்து, பழைய சாமான் என்று சலித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. சாமான் பழசு என்பதால் வந்த வினை இல்லை, வெள்ளிக்கிழமையே இந்தச் சத்தம் கேட்டது, நான் எழுதவில்லை என்றேன். அன்று மாலையே விவரமாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வெளியான பதிப்பில் கெட்ட இடம் வந்தால் தட்டு மெதுவாகத்தான் சுற்றும். உலகத்தில் எத்தனையோ வீட்டுத் தட்டுகள் அதனால் பிழைத்திருக்கலாம்.

அண்ணன் மூன்று நாள் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தார். எதுவும் நடக்காதது மாதிரி காப்பி வாங்கி வந்து என் மேசையில் ஒன்று வைத்தார். பிறகு நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவ குரலக் கடைசியா கேட்டது நீதான்” என்றார். “எப்படி இருந்துச்சு? என்ன வாசிச்சா?”

இனிமையாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோயிலில் வாசிப்பது போல ஏதாவது ஒரு வரியை இட்டுக்கட்டியும் இருக்கலாம். அவர் நம்பியிருப்பார், அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பார். ஆனால் அந்த அரை நிமிஷத்தை நினைவில் தேடித் தேடிப் பார்த்தால், திரையின் மூலையில் ஒலியின் அளவுக்கு எகிறி எகிறி விழுந்த இரண்டு பச்சைக் கோடுகள்தான் இருந்தன. ஒலி வருகிறதா, இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா, அவ்வளவுதான் என் வேலை. அதைப் பார்த்து முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். இன்னொரு பொய்க்கு ‘பாஸ்’ போட எனக்கு மனம் வரவில்லை.

“நான் கேக்கலண்ணே” என்றேன், குனிந்தபடி. “கோட்ட மட்டும்தான் பாத்தேன்.”

அண்ணன் இன்னும் கிட்டே நகர்ந்து வந்தார். இடது காதை என் பக்கம் திருப்பி, அதன் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டார். முகத்தில் இருந்த ஆசை துளிகூட மாறவில்லை.

“சரியா விழலம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லு.”

ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, நான் அதை இரண்டாவது தடவையாக, இந்த முறை கத்திச் சொன்னேன்.