ரப்பர் அடைத்த கதவு

ஜப்பான்காரன் ஆண்ட காலம். தீப்பெட்டி கிடைப்பதே குதிரைக்கொம்பு. காஜா பெராங் தெருவில் எங்கள் கடைவீட்டில் என் மனைவிக்கு வலி கண்ட அன்று, மழை இருட்டில் தள்ளுகதவின் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து எங்கள் ஒரே விளக்கை அலைக்கழித்தது.

"வெளக்கு அணைஞ்சா நான் எப்படி பாக்கறது?" என்றார் மருத்துவச்சி.

வெளியே, அஞ்சடி என்கிற வாசல் நடைபாதையில் மழைக்கு ஒதுங்கியிருந்த ரப்பர் தோட்டத்துக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். தான் போர்த்தியிருந்த ரப்பர் ஷீட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி நீட்டினார்.

"இத வச்சு அடைங்க தம்பி. இப்ப இத வாங்கத்தான் ஆளில்லையே."

கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் திணித்தேன். சுடர் நிமிர்ந்து நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

மகள் பிறந்ததும் கதவைத் தள்ளினேன். சாரலில் தொப்பலாக நனைந்தபடி அவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

"என்ன புள்ள தம்பி?"

"பொண்ணு. உள்ள வாங்கண்ணே," என்று கதவை அகலத் திறந்தேன்.

விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்ததற்கு நான் சிரித்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.