முந்திரிக் கொட்டகையில் கிடந்த ரேஸ் கார்

என் நாத்தனாரின் வீட்டுக்காரர் அளவுக்கு அழகாகப் பொய் சொல்ல எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியும் மீசைக்கு மை போடுவதை விடவில்லை. எனக்குக் கல்யாணமாகி அவர்கள் வீட்டுக்கு முதல் விருந்துக்குப் போனபோது, இலையில் சாம்பார் விழுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, நான் மெட்ராஸ்ல இருந்தப்போ ரேஸ் கார் ஓட்டுனவன். சோழவரம் ரேஸ்ல நான் வர்றேன்னு தெரிஞ்சா மத்தவன்லாம் வண்டிய ஓரங்கட்டிருவான்."

அண்ணி, அதாவது என் நாத்தனார், அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீ சாப்புடும்மா, ஆறிடப் போவுது" என்றார்.

அந்தக் கார் தோப்புக் கொட்டகையில் இருப்பதாக அண்ணன் சொல்லுவார். அதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கொட்டகைக் கதவுக்கு முன்னால் எப்போதும் முந்திரிக்கொட்டை மூட்டை அடுக்கியிருக்கும். அதனால் காரும் அவருடைய மற்ற கதைகளைப் போல ஒரு கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் கொட்டகைக் கூரை சரிந்து விழுந்தது. உடைந்த ஓடுகளை அள்ளிப் போடப் போன ஆட்கள், அடியில் ஏதோ கிடப்பதாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினார்.

"ஏய், மாமா சொன்னது நெசம்தான். கார் இருக்கு."

"ஓடுமா?"

"கார்னு சொல்ற அளவுக்கு இருக்கு."

எங்களுக்குப் பெரம்பலூரில் நெடுஞ்சாலை ஓரமாக லாரி ரிப்பேர் ஷெட். அவர் உள்ளே லாரிக்கு அடியில் படுத்திருப்பார். நான் முன்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையைப் பார்த்துக்கொள்வேன். சாமான் எடுக்க, கொடுக்க எங்கள் குட்டியானை வண்டியை ஓட்டுவதும் நான்தான். அண்ணி அந்தக் காரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், ஒரு லாரியைப் பிடித்து அதை ஷெட்டுக்கு ஏற்றி வந்துவிட்டோம்.

வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இடுப்பு உயரம்கூட இல்லாத, மேல்கூரையே இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி. சைக்கிள் சக்கரம் மாதிரிக் கம்பி வைத்த சக்கரங்கள். உட்காரும் இடத்தில் சீட் இல்லை. முன்கண்ணாடி இல்லை. விளக்கு இருந்த இடத்தில் இரண்டு பொந்து. ஒரு பொந்தில் அணில் கூடு கட்டியிருந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லும் தகடும் இல்லை.

"இதெல்லாம் எங்க போச்சு மாமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கேட்டாங்க, குடுத்தேன்" என்றார் அண்ணன், தர்மம் செய்தவர் மாதிரி.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறப்போட்டார். தினமும் லாரி வேலைக்கு நடுவில் வந்து ஸ்பேனர் மாட்டி ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். அது அசையாது. திட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் மதியம் நான் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது, ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். "அசைஞ்சுச்சு" என்றார் மெதுவாக, தூங்கும் குழந்தை எழுந்துவிடப் போகிறது என்கிற மாதிரி. அன்று அவர் சோற்றில் குழம்புக்குப் பதில் மோரை ஊற்றி, அதன் மேல் குழம்பையும் ஊற்றிச் சாப்பிட்டார்.

எஞ்சின் அவர் பொறுப்பு. தானம் போன சாமான்களை மீட்பது என் பொறுப்பு. அண்ணனைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முன்கண்ணாடி செந்துறை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் இருந்தது. வடை வைக்கும் பெட்டிக்கு முன்பக்கமாக அதை மாட்டியிருந்தார்கள். லேசாக வளைந்த கண்ணாடி என்பதால் உள்ளே இருந்த மெதுவடை ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அந்தக் கடை வடை அந்தப் பக்கம் ஏன் அவ்வளவு பிரபலம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேறு கண்ணாடி போட்டுத் தருகிறோம் என்றதும் டீ மாஸ்டர் முகம் வாடிவிட்டது.

"வேற கண்ணாடின்னா வடை சின்னதாத் தெரியுமேங்க."

"அப்ப வடையப் பெருசாச் சுடு" என்றார் அண்ணன்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு சலூனில் இரண்டு சீட்டும் இருந்தன. ஒன்றில் ஒருவர் பாதி முகம் சவரமும் பாதி முகம் நுரையுமாகச் சாய்ந்திருந்தார். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு, "முடிச்சதும் எந்திரிக்கிறேன்" என்றார். சவரம் முடிந்தது. உடனே தலைக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார். பிறகு முதுகைப் பிடித்துவிடச் சொன்னார். அந்தச் சீட்டை விட்டுப் பிரிய மனசில்லை என்று தெரிந்தது. கடைசியில் சலூன்காரரே, "அண்ணே, புதுச் சேர் சுத்தும், மேல கீழ போவும்" என்று ஆசை காட்டி எழுப்பினார்.

கஷ்டப்பட்டது விளக்குகளுக்குத்தான். இரண்டும் ஊர் மாரியம்மன் தேரில் இருந்தன. அம்மன் உத்தரவு இல்லாமல் தேரில் கை வைக்க முடியாது என்று பூசாரி சொல்லிவிட்டார். பூ போட்டுப் பார்ப்போம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் சரி. சிவப்புப் பூ வந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் சிவப்பு.

"அம்மா குடுக்க மாட்டேங்குறா" என்றார்.

நான் விடவில்லை. "பூசாரி, புதுசா ரெண்டு விளக்கு போட்டுத் தரோம். தேர் வர்ற தெரு முழுக்க வெளிச்சமா இருக்கும். அம்மா மொகம் இன்னும் நல்லாத் தெரியும்."

நான் சொல்லி வாய் மூடவில்லை, தூணுக்குப் பின்னாலிருந்து பல்லி சத்தம் கேட்டது. கணீரென்று, நிறுத்தி நிறுத்தி. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூசாரியும் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு தலையைச் சாய்த்துத் தூணைப் பார்த்தார். தூணுக்கு வெளியே அண்ணனின் வேட்டி நுனி தெரிந்தது.

"இந்தப் பல்லி வேட்டி கட்டியிருக்கு" என்றார். "பரவால்ல, கோயிலுக்குள்ள சொன்னது சொன்னதுதான். எடுத்துக்கங்க. புது விளக்கு மட்டும் திருவிழாவுக்குள்ள வந்துரணும்."

அதைச் சொன்னபடி மாட்டிக் கொடுத்துவிட்டோம்.

இதற்குள் ஷெட்டில் பெயிண்டைச் சுரண்டும் வேலை தொடங்கியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, மேலிருந்த நீலம் போய், அடியில் சிவப்பு வந்தது. கதவுப் பக்கம் தேய்த்தபோது ஒரு வெள்ளை வட்டமும் அதற்குள் ஒரு கறுப்பு எண்ணும் கிளம்பின. ரேஸ் எண். லாரி டிரைவர்கள்கூட வந்து நின்று பார்த்தார்கள். அண்ணன் பக்கத்தில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். "இப்ப நம்புறீங்களா?" என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் ஒரு மனுஷனை நம்பாமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் அந்த எண்ணைப் படம் பிடித்து, பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சென்னையிலிருந்து ஒரு பெரியவர் உடனே பேசினார். அந்தக் காலத்தில் ரேஸ் ஒன்று விடாமல் போய்ப் பார்த்தவராம். இந்த வண்டி நன்றாக ஞாபகம் இருக்கிறது, நல்ல வேகம், ஆனால் ஒரு ரேஸைக்கூட முழுதாக முடித்ததில்லை என்றார். ஒரே ஒரு தடவை எல்லாருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்ததாம். கடைசிச் சுற்றில் நின்றுவிட்டதாம். அன்று எடுத்த படம் ஒன்றையும் அனுப்பினார்.

கறுப்பு வெள்ளைப் படம். கண்ணாடி போட்ட ஒரு ஆள் கோபமாக ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் மூன்று பேர் குனிந்து காரைத் தள்ளுகிறார்கள். நடுவில் தள்ளுகிறவருக்கு அப்போதே அந்த மீசை இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டி வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் போனை அண்ணியிடம் நீட்டினேன். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "குனிஞ்சிருக்கறதப் பாத்தாலே தெரியுதே, இவருதான்" என்றார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் அசரவில்லை. "ரேஸ் கார ஒருத்தனா ஓட்டுறான்? அது ஒரு கூட்டு வேல. நான் மெக்கானிக் பக்கம் இருந்தேன்" என்றார். "தள்ளுனது நான்தான், வண்டி நேராப் போச்சா இல்லயான்னு பாரு."

வண்டி தயாரானது. பெயிண்ட் அடித்த பிறகு அது சிவப்பு மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. முதல் ஓட்டம் பெரம்பலூரிலிருந்து மீன்சுருட்டிக்கு என்று முடிவானது. அங்கேதான் ஒரு சங்கடம். இத்தனை மாதம் அந்த எஞ்சினைத் தடவித் தடவி உயிர் கொடுத்த என் வீட்டுக்காரரால் அதற்குள் உட்கார முடியவில்லை. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் இருந்த இடம் அவர் வயிற்றுக்குப் போதவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து உள்ளே இறங்கினார். மூச்சை விட்டதும் ஹாரன் அடித்தது. அவரை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அண்ணன் சாவிக்குக் கையை நீட்டினார். அவருக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. விவரம் தெரிந்து அண்ணி போனிலேயே தடுத்துவிட்டார். "இவரு ஓட்டுனா நான் வூட்டுக் கதவத் தொறக்க மாட்டேன்." மிச்சம் இருந்தது நான்தான்.

நான் சேலையைக் காலில் சிக்காமல் இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு ஏறினார். பின்னால் குட்டியானையில் ஸ்பேனர், கயிறு எல்லாவற்றோடும் என் வீட்டுக்காரர். அரியலூர் வரைக்கும் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்துதான் போனோம். அந்த வண்டியில் உட்கார்ந்தால் தரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். லாரிச் சக்கரம் நம் தலைக்கு மேலே சுற்றும். அண்ணன் மடியில் இருந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அரியலூரைத் தாண்டியதும் ஜெயங்கொண்டம் போகிற தனியார் பஸ் ஒன்று பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். டிரைவர் சிரிக்கிறார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டியிருந்தார்கள். பஸ் எங்களைத் தாண்டியது. கண்டக்டர் படியில் நின்று எனக்குக் கை காட்டினார். அந்தக் கை காட்டலில் ஒரு கேலி இருந்தது. முன்னால் ரோடு நேராக, காலியாகக் கிடந்தது.

நான் மிதித்தேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வருடமாகக் குட்டியானை ஓட்டியவளுக்கு அப்படி ஒரு இழுப்பு இருக்கும் என்றே தெரியாது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸின் பின்சக்கரம் வந்தது, முன்சக்கரம் வந்தது, போயிற்று. உள்ளே விசில் அடித்தார்கள். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"தங்கச்சி, பெட்ரோல் பாத்தியா?"

"ஃபுல்லா இருக்குண்ணே."

சற்றுப் போனதும் மறுபடி கேட்டார். "பெட்ரோல் போட்டது யாரு? நீ கண்ணால பாத்தியா?"

குரல் சரியில்லை. ஒரு முந்திரித் தோப்பு ஓரமாக நிறுத்தினேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அன்னைக்கு முன்னாடி வந்த வண்டி ஏன் நின்னுச்சு தெரியுமா? பெட்ரோல் இல்ல. ஊத்த வேண்டியவன் நான். காலைல டீ குடிக்கப் போனவன் அப்படியே மறந்துட்டேன். வண்டிய ஓட்டுன ஓனரு ஒரு வார்த்த திட்டல. வெளிநாடு போறப்ப சாவிய எங்கையில குடுத்து, 'நீயே வச்சுக்கடா, இத இனிமே என்னால பாக்க முடியாது'ன்னுட்டாரு. உங்கண்ணிக்குக்கூட இது தெரியாது."

"வண்டி நேராத்தான் போச்சுண்ணே" என்றேன். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து, நாங்கள் முந்திய பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணி வாசலுக்கு வந்து காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "தகரமா இருந்தப்பவே வெல கேட்டவனுக்குப் போட்டிருக்கணும்" என்றார். ஆனால் அன்று மாலை தோப்பு வரைக்கும் என்னோடு உட்கார்ந்து வந்தார். கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன என்றும் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் குனிந்து கேட்டார். "ஏம்மா, உங்க நாத்தனார் வீட்டுக்காரரு அந்த செவப்புக் கார ஓட்டி ஒரு பஸ்ஸ முந்திட்டாராமே? கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இந்த வயசுல? நெசமா?"

இரண்டு இலை தள்ளி அண்ணன் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு பஸ்ஸா?" என்றேன். "ரெண்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து கண்ண மூடிக்கிட்டேன்."