ரேடியோ எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா போய்விட்டார். நேற்று விடியற்காலை, தூக்கத்திலேயே.

இங்கே இருப்பவர்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவில் பாட்டுப் போடுவாரே... அவர்தான்.

எங்கள் ஊர்க்காரர். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. இந்தப் பக்கம் நாங்கள்.

"அக்கா" என்று இப்போது டைப் பண்ணுகிறேன். நேரில் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. எங்கள் தெருவில் அவர் பேர் "ஆரோக்கியம் பொண்ணு". ஆரோக்கியம் எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்.

சர்ச்சில் பைபிள் வாசித்துப் பழகிய குரல். சென்னையில் வானொலி நிலையத்தில் கேஷுவல் அனௌன்ஸராகச் சேர்ந்தார். பல வருஷம் பஸ்ஸிலேயே போய் வந்து, அப்புறம் பெர்மனென்ட் ஆகி, ரிடையர் ஆகும்வரை அந்த மைக் முன்னால்தான்.

பாட்டின் ஆரம்ப இசை ஓடும்போது பேசவே மாட்டார். பாதியில் வெட்டுவதும் அவருக்கு ஆகாது. கடைசி சரணம் முடிந்து, வயலின் எல்லாம் அடங்கி, ஒரு மூச்சு விட்டு... அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

எல்லாரும் பாடியவர் பேரோடு நிறுத்திக்கொள்வார்கள். அக்கா, புல்லாங்குழல் வாசித்தது யார், கோரஸ் பாடிய பெண்கள் யார் என்று விசாரித்து வைத்துக்கொண்டு சொல்வார். ஒன்றிரண்டு பாட்டோடு காணாமல் போன பாடகிகள் என்றால் தனிப் பிரியம். பெரிய ஹிட் பாட்டை யாராவது கேட்டு எழுதினால் போடுவார். கடமைக்குத்தான் போடுகிறார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

என் அப்பா அவருடைய பரம ரசிகர். அந்தக் குரல் கேட்டால்தான் சோறு இறங்கும்.

ஒரு வருஷம் நடவு சமயத்தில் அக்கா டேப் ரெக்கார்டரோடு எங்கள் வயலுக்கு வந்தார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பாட வைத்துப் பதிவு செய்துகொண்டு போனார்.

அடுத்த வாரம் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அது வந்தது. முடிந்ததும் ஒவ்வொரு பேராகச் சொன்னார். குப்பம்மா, லூர்து மேரி, முனியம்மா... பெரிய பாடகிகளைச் சொல்கிற அதே குரலில், அதே நிதானத்தில்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நிலத்துக்காரர் பேர் ஏன் வரவில்லை என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

பதில் சொல்ல அக்காவே வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். எங்கள் வீட்டில் யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை.

"நெலம் உங்களுதுண்ணா. பாட்டு அவங்களுது. நீங்களும் ஒண்ணு பாடுங்க, உங்க பேரயும் சொல்றேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பாவுக்கு அந்தப் பதிலைவிட "அண்ணா"தான் சுட்டது. ஆரோக்கியம் அவரை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார்.

அன்றோடு வீட்டில் மதிய ரேடியோ நின்றது.

கொஞ்ச நாளில் பம்ப்செட் ரூமுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வந்தது. நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனால், அப்பா மோட்டாரை நிறுத்திவிட்டு அக்காவின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் ஏதோ நியூஸ் தேடுகிற மாதிரி ஸ்டேஷனைத் திருப்புவார். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. இன்றைக்கு எழுதிவிட்டேன்.

ரிடையர் ஆகி அக்கா ஊரோடு வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் எதிரே பார்த்தால் அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்... இப்படியே வருஷங்கள்.

நேற்று செய்தி வந்ததும் அப்பா வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். காரை எடு, போய்விட்டு வந்துவிடலாம் என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்கூட. சாவுக்குப் போகிற சந்தோஷம்... என்ன ஜென்மமோ.

காலனி முனையில் நிறுத்தச் சொன்னார். மூச்சு வாங்குகிறதாம். மூச்சு ஒன்றும் வாங்கவில்லை. எங்கள் தெரு ஆட்கள் யாராவது ரோட்டில் வருகிறார்களா என்று அவர் கண் தேடியது. என் கண்ணும்தான்.

நான் மட்டும் இறங்கிப் போனேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

திருப்புலிவனத்திலிருந்தும் தாமலிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். ரேடியோவில் கேட்டதோடு சரி, நேரில் பார்த்ததே இல்லை என்று ஒருவர் அழுதுகொண்டிருந்தார்.

அக்காவின் தலைமாட்டில் குப்பம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிட முப்பது வயதாவது பெரியவர். சின்ன வயதில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன்.

"அப்பா வர்லியா பாப்பா?"

உடம்பு சரியில்லை, வீட்டில் படுத்திருக்கிறார் என்று சொன்னேன். யோசிக்காமல் வந்தது அந்தப் பொய்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால்... அந்த வாசலிலிருந்து எங்கள் கார் பளிச்சென்று தெரிகிறது. முன் சீட்டில் அப்பாவும், அவருடைய வெள்ளைச் சட்டையும்.

குப்பம்மாவும் அந்தப் பக்கம் பார்த்தார். எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு என்னோடு நடந்து வந்தார். கார் கண்ணாடியைத் தட்டினார்.

"வெயில்ல உக்காந்துகினு கீறீங்களே, இந்தாங்க. மொகம் பாக்கணும்னா வாங்க. இன்னும் எடுக்கல."

அப்பா வாங்கி முழுசாகக் குடித்தார். கால் வலிக்கிறது என்றார். என்னிடம் சொன்ன காரணம்கூட அவருக்கு ஞாபகமில்லை.

குப்பம்மா தலையை ஆட்டிவிட்டு, சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். இதை எழுதும்போது அப்பா பக்கத்து ரூமில் படுத்திருக்கிறார். எதற்கோ தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறார்.

எஸ்தர் அக்கா, நல்லபடியாகப் போய் வாருங்கள்.

உங்களை வழியனுப்ப வந்தோம் என்று எழுதக் கை வரவில்லை. முனை வரைக்கும் வந்தோம்.