ஓடைக்கரையில் அரைச் சங்கிலி

எங்கள் தோட்டம் கந்தப்பளையிலிருந்து வலப்பனைப் பக்கமாக இறங்கும் மலையில் இருந்தது. அங்கே பிள்ளைக்காம்பராவில் நான் ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் விடிந்ததும் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுப்போவார்கள். குழந்தைகளுக்குப் பால் கொடுப்பது தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மேலே இருந்த லயத்து அக்கா. அவளுக்கு இரண்டு பசுக்கள் இருந்தன. காலையில் பெயர் கொடுத்து வேலை வாங்கும் பெரட்டுக்குப் போகும் முன்பே பாலைக் கறந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவாள். நான் வேலை பார்த்த அத்தனை வருடங்களிலும் அந்தப் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்து வந்ததில்லை.

உயரமான பெண். குரலும் அப்படித்தான். இந்த மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் புருஷன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலையில் இருந்தார். வீட்டில் பேசுகிற வேலை முழுவதும் அக்காவுடையது.

மேலே காட்டுக்குள் பிறக்கும் ஓடையொன்று எங்கள் இரண்டு லயங்களையும் ஒட்டிக் கீழே ஓடியது. நாங்கள் குடித்தது வேறு ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் வந்த தண்ணீர். அதனால் அந்த ஓடையைப் பற்றி யாரும் பெரிதாக நினைத்ததில்லை. கரை மண் கறுப்பாக, ஈரமாக இருக்கும். எதைப் போட்டாலும் முளைக்கும். லயத்தில் பாதிப் பேர் அங்கே கொத்திப் போஞ்சியும் பீட்ரூட்டும் போட்டிருந்தோம். அக்காவின் மாட்டுக்கொட்டாய் தண்ணீரில் கால் வைக்காத குறையாக நின்றது. சாணத்தை இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் ஓடை கொண்டுபோய்விடும். அது தப்பு என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து, தோட்டத்துத் தமிழர்களின் ஓட்டைப் பறித்து, ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் மாவட்ட அரசாங்கக் காரியாலயமான கச்சேரியிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கான்வாஸ் சப்பாத்து நனைந்து சேறாகியிருந்தது. கூட இரண்டு பேர் அளக்கிற சங்கிலியைத் தூக்கி வந்தார்கள். தண்ணீரின் ஓரத்திலிருந்து இரு பக்கமும் அரைச் சங்கிலி, அதாவது முப்பத்துமூன்று அடி, அளந்து, சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டுக்கொண்டே வந்தார்கள். அந்தக் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் யாரும் மண்ணைக் கொத்தக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, மாடு கட்டக் கூடாது. இருப்பதை எடுத்துவிட ஒரு மாதம் தவணை. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பெரட்டுக்களத்தில் இதைத் தமிழில் வாசித்தார்.

கல் மாட்டுக்கொட்டாயைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. அக்கா ஓடிவந்து சங்கிலியின் மேலேயே நின்றுகொண்டாள். எனக்குச் சிங்களம் தெரியும். வலப்பனைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆகவே என்னைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"எங்களுக்கு ஓட்டு இல்லேன்னுட்டாங்க. இந்த நாட்டு ஆளே இல்லேன்னுட்டாங்க. எம் மாட்டுக்கு மட்டும் சட்டம் இருக்கோ? நாங்க வெளியாளுன்னா எங்க மாடும் வெளியாளுதானே? கேளு புள்ள, நான் சொன்னத அப்படியே கேளு."

நான் பயந்துபோய், "மாட்டை மாற்ற இவர்களுக்கு இடமில்லையாம்" என்று மட்டும் சிங்களத்தில் சொன்னேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு தட்டுத்தடுமாறித் தமிழில், "அம்மா நெறைய பேசினது. நீங்க கொஞ்சந்தான் சொன்னது" என்றார்.

வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன், இல்லை. மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார்: "ஓட்டு விஷயம் என் கையில் இல்லை. அதை நியாயம் என்று சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் இந்தத் தண்ணீரைக் கீழே ஆட்கள் குடிக்கிறார்கள். அவர்கள் மனுப் போட்டுத்தான் நான் வந்தேன். ஒருநாள் இறங்கிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்."

"போறேன்" என்றாள் அக்கா. "மனுப் போட்டவன நாலு வார்த்த கேட்டுட்டுத்தான் வருவேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். தேயிலை முடிந்து, புல்வெளி முடிந்து, வயல் தொடங்கும் வரை அவள் வழியெல்லாம் என்னென்ன கேட்கப்போகிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் அந்தக் கிராமத்துக்குப் போகிற வழக்கம் கிடையாது.

முதல் வயலில் ஒரு பெண் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்காலை மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தாள். எங்களைவிட வயதில் மூத்தவள். அக்கா வரப்பில் நின்றபடி தொடங்கினாள்: "யாரு எங்க மேல மனுப் போட்டது?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்து, "நங்கி, இவங்களுக்கு என்ன கோபம்?" என்று சிங்களத்தில் கேட்டாள். நங்கி என்றால் தங்கச்சி. நான் சொன்னேன். அவள் மண்வெட்டியை வைத்துவிட்டு, வாருங்கள் என்று தலையை அசைத்து முன்னால் நடந்தாள்.

மேல் தட்டு வயல்களில் நெல்லே தெரியவில்லை. செம்மண் மூடிக் கிடந்தது. இந்தப் போகத்துக்கு இரண்டு தரம் விதைத்தாயிற்று, இரண்டு தரமும் மழையோடு மேலேயிருந்து மண் வந்து மூடிவிட்டது என்றாள். வாய்க்காலிலிருந்து பொறுக்கிப் போட்ட குப்பை வரப்பில் குவிந்து கிடந்தது. கவ்வாத்துக் குச்சிகள், உடைந்த சட்டி, போஞ்சிக் கொடிக்கு ஊன்றும் கம்புகள். ஒரு கம்பின் நடுவில் பச்சைக் கரைபோட்ட துணிக் கிழிசல் ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

அக்கா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். "இது ஒஞ் சீலதானே புள்ள?"

என் சீலைதான். கொடி கட்டுவதற்கு நானே கிழித்தது. தலையை ஆட்டினேன். அந்தச் சிங்களப் பெண்ணின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவள் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் வைத்தாள். வாய்க்கால் ஓரத்தில் தோண்டிய குழியில் தண்ணீர் மொண்டு, துணியை நான்காக மடித்து வடிகட்டிக் கொதிக்கவைத்தாள். கூடக் கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி. கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனபோது எனக்கு ஒரு வாடை அடித்தது. அக்காவுக்கும் அடித்திருக்கும், மாட்டோடு வாழ்கிறவள் அல்லவா. அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. அடியில் தங்கிய மண்டிவரை குடித்து முடித்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தவள் அங்கே பேசியது அது ஒன்றுதான்.

ஏறி வரும்போது பாதி வழியில் நின்றாள்.

"நாம பீலித் தண்ணி குடிக்கிறோம்."

"ஆமாங்க்கா."

"அதான் நமக்குத் தெரியல."

மறுநாள் வேலைவிட்டு வந்ததும் கொட்டாயைப் பிரிக்கத் தொடங்கினாள். ஒரு மாதத் தவணையில் ஒரு வாரம்கூட ஆகவில்லை. தகரத்தை அவளும் புருஷனும் ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து லயத்துக்கு மேலே, காற்றடிக்கும் மொட்டைச் சரிவுக்குக் கொண்டுபோனார்கள். சாணத்துக்குத் தனிக் குழி வெட்டினாள். அவளைப் பார்த்து நானும் என் போஞ்சியைப் பிடுங்கினேன். காய் விரல் நீளம்கூட வரவில்லை. பிடுங்கும்போது அழுகை வந்தது, பொய் சொல்வானேன். பக்கத்துப் பாத்திக்காரர்கள், "இன்னும் நாளு கெடக்கே, என்னா அவசரம்?" என்றார்கள். "தவண நமக்குத்தான். மழைக்கு யாரு தவண சொன்னது?" என்று அக்கா கேட்டாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பிடுங்கினார்கள்.

பிடுங்கிய இடத்தில் அவள் மானாப்புல்லும் மூங்கில் கன்றும் கொண்டுவந்து நட்டாள். நட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. சும்மா விட்டால் போதும் என்றுதான் அதிகாரி சொல்லியிருந்தார். இரண்டாவது மழைக்காலத்துக்குள் புல் இடுப்பளவு வந்துவிட்டது. கல்லைத் தாண்டி யாராவது ஒரு கை புல் அறுத்தாலும், தண்ணீரில் சாக்கு அலசினாலும் அவள் குரல் மேலேயிருந்து இறங்கும். அவளோடு அதற்காகச் சண்டை போட்டு ஆறு மாதம் பேசாமலிருந்தவர்கள் உண்டு.

அவளுக்கு இது லேசாக முடிந்துவிடவில்லை. புதுக் கொட்டாய் இருந்த சரிவில் தை மாதப் பனியும் காற்றும் நேராக அடிக்கும். அந்த வருடம் பிறந்து எட்டு நாளான கன்று ஒன்று விறைத்துச் செத்துப்போனது. காலையில் பால் கொண்டுவரும்போது அவள் கண் வீங்கியிருந்தது. கச்சேரியையும் சங்கிலியையும் அந்த ஒல்லி மனிதரையும் பெயர் சொல்லாத குறையாகத் திட்டித் தீர்த்தாள். "கீழயே இருந்திருந்தா அது பொழச்சிருக்கும்" என்றாள். அது உண்மைதான். அன்று பின்னேரமே, ஓடைக்குள் வண்டிமாட்டை இறக்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவனை அவள் விரட்டுவதை நான் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று பார்த்தேன். நமக்கு நல்லது செய்யும் விதியை நாம் எல்லோரும் மதிப்போம். தன் கன்றைக் கொன்றதாகத் தானே நம்பிய விதியை அவள் அன்றைக்கும் மதித்தாள். எனக்கு அவள்மேல் மரியாதை என்ற ஒன்று அந்தப் பின்னேரத்தில்தான் முழுதாக வந்தது.

நாலைந்து வருடம் கழித்துத் தோட்டத்துக்கு, அதை நடத்தும் பெரியதொரைக்குக் கீழே, புதிதாக ஒரு சின்னதொரை வந்தார். பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நடும் வேலை அப்போது நடந்தது. ஓடைக்கரை மண் நல்ல மண் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. ஒருநாள் காலை முப்பது பேர் மண்வெட்டியோடு கல்லைத் தாண்டி இறங்கினார்கள். மானாப்புல்லைக் கொத்திப் போட்டுக் குழி வெட்டி, மத்தியானத்துக்குள் நூறு கன்று நட்டுவிட்டார்கள்.

கொழுந்து நிறுக்க வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டாள். கூடையை இறக்காமலே போய் வெட்டுகிற ஆளுக்கு முன்னால் நின்றாள். கண்டாக்கு ஐயா கத்தினார்: "ஒனக்கு என்ன வேல இங்க? போ மலைக்கு!"

"ஐயா, நீங்கதானே பெரட்டுல வாசிச்சீங்க? எம் மாட்டுக்கு இந்தக் கல்லுன்னா தேயிலைக்கு எந்தக் கல்லுங்க?"

கண்டாக்கு ஐயா சின்னதொரைக்கு ஆள் அனுப்பினார். சின்னதொரை வந்து விசாரித்தார். அவருக்கு அந்தக் கல்லைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் மறித்து நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. தொரை நினைத்தால் லயத்துக் காம்பராவையே காலி பண்ணச் சொல்லலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் தைரியசாலி இல்லை. ஆனால் அன்று வயிற்றுவலி என்று பொய் சொல்லி, பிள்ளைகளை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, வலப்பனைப் பக்கம் இறங்கும் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். எங்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்த அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என்னை வயல் தண்ணீருக்குப் பொறுப்பான வெல்விதானையிடம் கூட்டிப்போனாள். அவர் அன்றைக்கே கச்சேரிக்கு எழுதினார்.

பத்து நாள் கழித்து அதே அதிகாரி வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. கூட வெல்விதானையும் கிராமத்தார் ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். பெரியதொரையும் இறங்கி வந்தார். அதிகாரி குரலை உயர்த்தாமல், தண்ணீரின் ஓரத்திலிருந்து மறுபடி அளந்தார். அத்தனை கன்றுகளும் கல்லுக்கு உட்பக்கம் நின்றன. கட்டாயம் அகற்ற வேண்டும் என்றார். பெரியதொரை குழிகளையும் புல்லையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கொத்தாத பக்கத்தில் தண்ணீர் தெளிவாக ஓடியது. கொத்திய பக்கத்தில் சிவப்பாகக் கரைந்துகொண்டிருந்தது. அவர் வாதாடவில்லை. கன்றுகளைத் தோண்டி மேலே நடச் சொன்னார். பிறகு தோட்டத் தமிழில், "மறிச்ச பொம்பள எங்க?" என்று கேட்டார்.

அக்கா லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பத்து நாளும் எங்கேயும் போய் யாரிடமும் கெஞ்சவில்லை. காலையில் எனக்குப் பால் மட்டும் தவறாமல் வந்தது. கூப்பிட்டார்கள், வந்தாள்.

"நீ செஞ்சது சரி" என்றார் பெரியதொரை. "நாளைக்கு வேலைக்கு வா."

அவள் மேலே சூரியனைப் பார்த்தாள். "நாளைக்கு என்னாத்துக்குங்க? இன்னைக்கே அர நாளு கெடக்குதே" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுக்க உள்ளே போனாள். கண்டாக்கு ஐயா ஒதுங்கி வழி விட்டார்.