கோயில் மீனும் என் கடைவாய்ப் பல்லும்

ஷார்ஜாவில் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவனுக்கு, ஊரில் சொந்தப் படகு வாங்க நான்கு லட்சம் கொடுத்தேன். ஒரே கிடங்கில் வேலை. நான் கணக்கு, அவன் கிரேன். எழுதி வாங்கவில்லை. ஒருவன் குறட்டையை வருஷக்கணக்கில் கேட்டுவிட்டு அவனிடம் பத்திரம் கேட்பது அநாகரிகம் என்று நினைத்தேன்.

அவன் தூத்துக்குடிக்குத் திரும்பி, படகு வாங்கி, மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பினான். அவனிடமிருந்து எனக்கு வந்த கடைசி வரவு அது. பிறகு என் எண்ணை வாட்ஸ்அப்பில் தடுத்துவிட்டான்.

அப்புறம் எனக்கு வேலை போயிற்று. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் என் ஊரான மாப்பிள்ளையூரணிக்கு வந்து சேர்ந்தபோது மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எழுபதாயிரம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்கு. அடகு வைக்க நகையும் மிச்சமில்லை.

“ஒங்க சிநேகிதன் படகு ஓட்டுதான். நம்ம பிள்ள வீட்டுல கெடக்கணுமோ?” என்றாள் மனைவி.

வியாழக்கிழமை மதியம் அவன் ஊர்க் கடற்கரைக்குப் போனேன். படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவன் வலைக் குவியலுக்குப் பின்னால் குனிந்தான். வளைகுடாச் சாப்பாட்டில் வளர்ந்த உடம்புக்கு அந்த வலை போதவில்லை.

“ஏலே, நிமிரு.”

“அண்ணாச்சி, எப்ப வந்திய? சாப்டியளா?”

“பணம் எங்க?”

“மீனே படல அண்ணாச்சி. நீங்களே பாருங்க, பூராவும் சாளை. எண்ணெய்க் காசுக்கே காணாது.”

அவன் காட்டிய சாளைக் குவியல் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் தள்ளி, ஒரு சாக்கின் மேல், என் கை நீளத்துக்கு ஒரு சீலா மீன் தனியாகக் கிடந்தது. அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஒளிக்கிறான் என்று தீர்மானித்தேன். வாலைப் பிடித்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தக் கரையில், வந்த மீனில் நல்லதொன்றை முதலில் கோயிலுக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். அதைத் தனியாக ஏலம் விட்டுப் பணத்தைக் கோயிலில் சேர்ப்பார்கள். ஒதுக்கிய பிறகு படகுக்காரனே அதைத் தொடமாட்டான். இதெல்லாம் பக்கத்திலேயே பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் மளிகைக்கடைக் குடும்பம். மீனோடு எங்கள் பழக்கம் குழம்பிலிருந்துதான் தொடங்கும்.

“அண்ணாச்சி, கீழ வைங்க. அது கோயிலுக்குள்ளது.”

கடன்காரன் சாமியையும் துணைக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். “அப்ப அந்தச் சாமியவே வந்து எங் கடன அடைக்கச் சொல்லு,” என்றேன், நாலு பேர் காதில் விழும்படி.

முதல் அடி அவனுடையது. இடது காதில் விழுந்தது. கடல் சத்தம் நின்றுபோயிற்று. நான் மீனைச் சுழற்றினேன். அது யாரோ ஒருவரின் தாடையில் சப்பென்று அறைந்தது. வால் விளிம்பு என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

“கோயில் மீன வச்சு அடிக்காம்ல” என்று ஒருவர் கத்தினார். அதன்பிறகு தனித்தனியாக யாரையும் எனக்கு ஞாபகமில்லை. கால்கள்தான் ஞாபகமிருக்கின்றன. துடுப்புக் கட்டை முழங்காலுக்குக் கீழே இறங்கியது. விழுந்ததும் விலாவில் மிதித்தார்கள். ஒருவன் என் பிடரியில் முழங்காலை ஊன்றி முகத்தை மணலில் அழுத்தினான். அதில் சிப்பியோ கல்லோ இருந்திருக்கிறது, கடைவாய்ப் பல் முறிந்த சத்தம் மண்டைக்குள்ளே கேட்டது. போர்த்தந்திரம் பற்றி மூன்று புத்தகம் படித்தவன் நான். வாய் நிறைய மணலும் ரத்தமுமாகக் கிடக்கும்போது செய்யவேண்டியதை அவற்றில் ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.

ஊர்க் கமிட்டி அறைக்கு இழுத்துப்போனார்கள். தலைவர் வயதானவர். என்னைப் பார்த்துவிட்டு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு, கோயில் மீனைத் தொட்டதற்கு ஐயாயிரம் அபராதம் என்றார்.

என்னிடம் பஸ் காசு இருந்தது.

அப்போதுதான் என் நண்பன் எழுந்தான். “அவுக நல்ல மனுசன், தெரியாம செஞ்சிட்டாக. நான் கெட்டிருதேன்,” என்று கைலி மடிப்பிலிருந்து ஒரு பணக்கட்டை எடுத்தான். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், கொழுக்கட்டை போல. பத்துத் தாளை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைக் கனிவாகப் பார்த்தான். “கடன்ல கழிச்சுக்கிடுங்க அண்ணாச்சி.”

எனக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மிச்சக் கண்ணுக்கு அந்தக் கட்டு நன்றாகவே தெரிந்தது. ஓங்கி ஒன்று விட்டேன். அன்று நான் கொடுத்த ஒரே உருப்படியான அடி அது. மூக்கு நடுவில் விழுந்தது. அவன் பின்னாலிருந்த நாற்காலியோடு சாய்ந்தான். சட்டை முழுக்க ரத்தம். மேலே ஏறி உட்கார்ந்து இன்னும் இரண்டு குத்தினேன். என் விரல் ஒன்று பிசகியது. பிரித்தெடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

“அது என்ன ரூவாடே?” என்று தலைவர் அவனிடம் கேட்டார்.

“புது எஞ்சினுக்கு,” என்றான், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

“கடன் குடுத்தவன் ரத்தம் துப்புதான். ஒனக்குப் புது எஞ்சின் கேக்கோ?” தலைவர் எழுந்து வந்து அவன் பிடரியில் ஒன்று வைத்தார். அவர் கை என் கையைவிட அனுபவம் வாய்ந்தது.

அவனிடமிருந்த கட்டைப் பிடுங்கி எண்ணினார்கள். அபராதம் போக, மேஜையில் சரியாக எழுபதாயிரம் இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, மீதிக் கடனுக்குத் தவணை போட்டார்கள். நான் பணத்தைச் சட்டைக்குள் திணிக்கும்போது தலைவர், “கொஞ்சம் நில்லுங்க,” என்றார். “கமிட்டி முன்னால கை நீட்டுனதுக்கு ஒரு ஐயாயிரம்.”

நியாயம்தான். அந்த மூன்று குத்துக்கு அது அதிகவிலை என்று எனக்குத் தோன்றவில்லை.

குறைந்த ஐயாயிரத்தை மைத்துனனிடம் வாங்கி, வெள்ளிக்கிழமை கட்டிவிட்டேன். மகள் இப்போது இரண்டாம் வருடம். என் விலாவைப் பார்த்து, எந்த எலும்பு சரியாகக் கூடவில்லை என்று பெயரோடு சொல்கிறாள். மைத்துனனுக்கு நான் இன்னும் கொடுக்கவில்லை. போன ஞாயிறு அவன் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தான். நான் எழுந்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அந்த இடத்தில் ஒரு பக்கமிருந்துதான் அடிக்க முடியும்.