போட்டி முடியட்டும் என்றேன்

செஞ்சியில் ஒரு கல்லூரியில் நான் உடற்கல்வி ஆசிரியை. போட்டிக்கு முந்தைய நாள், எங்கள் ஓட்டக்காரி கவிதா மேல்மலையனூர் சாலையில் ஒரு பூக்காரம்மாவை ஸ்கூட்டரால் இடித்துவிட்டு, பயத்தில் நிற்காமல் வந்துவிட்டாள்.

"ஸ்டேஷனுக்குப் போய் சொல்லிடலாமா மிஸ்?" என்று அழுதாள்.

பதக்க ஆசையில், "போட்டி முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

ஜெயித்துத் திரும்பியவளை, வண்டி எண்ணை வைத்துப் போலீசார் கண்டுபிடித்து வழக்குப் போட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கவிருந்த காவலர் வேலை போயிற்று.

"நான் அன்னைக்கே கேட்டேனே மிஸ்" என்றாள்.

இப்போதெல்லாம் மாணவிகள் இதுபோன்ற தவறு செய்துவிட்டு வந்தால், போட்டி இருந்தாலும் விட்டுவிட்டு நானே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிறேன். இன்னும் நடக்க முடியாத பூக்காரம்மாவை வாராவாரம் போய்ப் பார்க்கிறேன். அவர் என்னிடம் பேசுவதில்லை.