ஆடி கழியட்டும்

எங்கள் வீட்டில் அப்பாவின் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையில்லை. மறுபேச்சு இருந்தது. அம்மா அதை அடுப்படியில் நின்று பாத்திரங்களிடம் பேசிக்கொள்வாள். அந்த ஒரு வருஷம் அத்தையும் மறுத்துப் பேசினாள், ஒரே ஒரு தடவை, அதுவும் மெதுவாக. கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணை அப்பாதான் வளர்த்து, இலங்கையில் கண்டிப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார். அத்தைக்குத் தலைப்பிரசவம் ஆனது யுத்த காலத்தில். கப்பலில் ஏறவே பயந்த நாட்கள் என்பதால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர முடியவில்லை. பையன் அங்கேயே பிறந்தான். யுத்தத்தில் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பதைப் பற்றி அப்பாவுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. தங்கையின் தலைப்பிரசவத்தை அண்ணன் வீட்டில் பார்க்கவில்லை என்பதுதான் அவருக்கு அந்த யுத்தத்தில் நேர்ந்த நஷ்டம். ஆத்தூர்ச் சந்தையில் யாராவது அதைப் பற்றிக் கேட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் சாப்பிட மாட்டார்.

ஆகவே அத்தை ஏழு வருஷம் கழித்து மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று கடிதம் வந்ததும், அப்பா தானே போய் அழைத்துவரப் புறப்பட்டுவிட்டார். மாமாதான் தடுத்து, தெரிந்தவர்களோடு அனுப்பிவைத்தார். ஆவணி மாதம் நாலாம் தேதி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு அத்தை செம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். பையனை மாமா அனுப்பவில்லை. பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்று எழுதியிருந்தார்.

அதற்குள் காலம் மாறியிருந்தது. மதுரைக்குப் போய்வருவதுபோல் எங்கள் பக்கத்து ஆட்கள் போய்வந்துகொண்டிருந்த இலங்கை, திடீரென்று அயல்நாடாகிவிட்டது. அங்கே இருக்கிறவர்களில் யார் அந்த நாட்டுக்காரர், யார் அந்நியர் என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும், விசாரிப்பார்கள், பிறகு முடிவு சொல்வார்கள் என்று சட்டம் வந்திருந்தது. மாமாவும் விண்ணப்பம் போட்டிருந்தார். அத்தையின் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில், அவள் போட்டோ ஒட்டிய ஒரு காகிதம் இருந்தது. திரும்பி வருவதற்கான அனுமதி. ஒரு வருஷத்துக்குள் வந்துவிட்டால் உள்ளே விடுவார்கள், தவறினால் விடமாட்டார்கள். மாமா இதைப் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான். அவரிடம் அதைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வருஷம் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. அதற்கப்புறம் எனக்குப் பள்ளிக்கூடம், பசி, தூக்கம் எதுவும் முக்கியமாக இல்லை. இடுப்பில் அவளைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவதுதான் என் உத்தியோகம். அத்தை என்னைத் தினமும் மடியில் போட்டுத் தலை சீவிவிடுவாள். அம்மா சீவினால் உயிர் போகும். அத்தை சீவினால் தூக்கம் வரும். பையனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சீவுவாள். அவன் சோற்றில் தேங்காய்ப்பால் இல்லாமல் சாப்பிட மாட்டானாம். இடி இடித்தால் அவள் முந்தானைக்குள் வந்து ஒளிந்துகொள்வானாம். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

ஏழாம் மாதம், வைகாசியில், குழந்தைக்குக் குலதெய்வம் கோயிலில் காது குத்திவிட்டு அத்தையை அனுப்புவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். முதல் பிள்ளைக்குக் கிடைக்காத மடி இது என்று அப்பா அதை மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிடாய்க்குச் சொல்லி, பந்தலுக்குச் சொல்லி, சொந்தபந்தத்துக்கெல்லாம் பாக்கு வைத்தாயிற்று. விசேஷத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் செத்துப்போனார். பங்காளிக்குத் தீட்டு என்றால் எங்களுக்கும் தீட்டு. பந்தல்கால் நட்ட குழியை மூடிவிட்டார்கள். காதுகுத்து ஆனிக் கடைசிக்குத் தள்ளிப்போயிற்று.

ஆனிக் கடைசியில் நன்றாகவே நடந்தது. அப்பா மடியில் குழந்தை வீரிட்டு அழுதது. அதைவிட அப்பா அதிகமாக அழுதார். பந்தலைப் பிரிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அத்தை பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் இப்பவே கெளம்பட்டுமா? ஒரு வருசத்துக்குள்ள வந்துரணும்னு சொல்லி விட்டாக."

"ஆடியிலயா? பச்சப் பிள்ளையும் கையுமா ஆடியில புருசன் வீட்டுக்கு அனுப்புனா ஊரு சிரிக்கும் தாயி. ஆடி கழியட்டும்."

"இல்லண்ணே, நாள் தள்ளிரப் போவுதேன்னுதான்."

"ஆவணி நாலுல வந்த. ஆவணி ரெண்டுல போற. ஒரு வருசத்துக்கு ரெண்டு நாள் கொறச்சல்தான? எனக்குக் கணக்குத் தெரியாதா?"

அத்தை அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். நானோ, கிடைத்த ஒரு மாதத்தை நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

ஆவணி இரண்டாம் தேதி நல்ல நேரம் பார்த்து அப்பாவும் குழந்தையோடு அத்தையும் புறப்பட்டார்கள். நான் வண்டியின் பின்னாலேயே ஓடி, அழுது, கீழே விழுந்து, முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு திரும்பினேன். அம்மா காயத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே ஒரு அடியும் போட்டாள்.

ஐந்தாம் நாள் அதே வண்டி திரும்பி வந்தது. அதே தகரப் பெட்டி, அதே அத்தை, மடியில் குழந்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அத்தை போகல! அத்தை வந்துட்டாக!" என்று தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா துரத்தி வந்து என் வாயைப் பொத்தினாள். ஏன் பொத்தினாள் என்று தெரியாமல் அவள் கையைக் கடித்தேன்.

மண்டபம் முகாமில் நடந்ததை அப்பா அன்றைக்கு ஒரு தடவைதான் சொன்னார். கப்பலுக்குப் போகிறவர்களை இலங்கை அதிகாரிகள் அங்கே நிறுத்தி உடம்பையும் காகிதத்தையும் சோதிப்பார்களாம். அத்தையின் உடம்பு சரியாக இருந்தது. காகிதம் சரியாக இல்லை. அதன் ஒரு வருஷம், அத்தை செம்பட்டியில் இறங்கிய நாளில் தொடங்கவில்லை. கொழும்பில் முத்திரை குத்திய நாளிலேயே தொடங்கிவிட்டது. அது ஆடி இருபது. அதாவது நாங்கள் ஆடி கழியட்டும் என்று காத்திருந்தோமே, அந்த ஆடிக்குள்ளேயே காகிதம் செத்துவிட்டது. அப்பா அதிகாரியிடம் கையெடுத்துக் கும்பிட்டு, ஆடி மாசம் என்பதால்தான் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழராம். நல்ல மனிதர், எழுந்து நின்றுதான் பேசினாராம்.

"ஆடி எண்டால் என்னெண்டு எனக்கும் தெரியும் ஐயா. இந்தக் கடதாசிக்குத் தெரியாதே."

மறுவாரம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் போனார். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். கொழும்பில் அவர்களுக்குக் கடை உண்டு, குடும்பத்தில் யாராவது மாதம் ஒருமுறை போய்வருவார்கள். ராவுத்தருக்கு மனு எழுதவும் தெரியும். எனக்கு ஒரு தட்டில் சேமியாவைக் கொடுத்துவிட்டு, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு வார்த்தை முன்னாடி வந்து காட்டியிருக்கக் கூடாதாண்ணே? நாங்கள்லாம் மொதல்ல காயிதத்துல தேதியப் பாப்போம். அப்புறந்தான் பயணத்துக்கு நாள் பாப்போம்."

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பாவின் தோள்கள் குலுங்கியதை அன்றுதான் பார்த்தேன். ராவுத்தர் என்னைத் தெருப்பக்கம் போய் விளையாடச் சொன்னார். நான் சேமியா முடியவில்லை என்றேன்.

மனு போயிற்று. ஒன்றல்ல, ஏழெட்டு மனுக்கள் போயின. ஒவ்வொன்றுக்கும் மரியாதையான பதில் வந்தது. அந்நிய நாட்டுப் பெண் புதிதாக உள்ளே வர வேண்டுமானால் அவள் புருஷன் அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றார்கள். மாமாவின் குடியுரிமை விண்ணப்பம் விசாரணைக்கு வந்தபோது, உன் மனைவியும் பிள்ளையும் இந்தியாவில் இருக்கிறார்கள், ஆகவே உனக்கு இந்த நாட்டில் நிலையாக வாழும் எண்ணம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அத்தை அங்கே இல்லாததால் மாமா அந்த நாட்டுக்காரர் ஆக முடியாது. மாமா அந்த நாட்டுக்காரர் ஆகாததால் அத்தை அங்கே போக முடியாது. அனுமதி மேஜையில் உட்கார்ந்திருந்தவர் குடியுரிமை மேஜையின் காகிதத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ராவுத்தர் சொன்னார்.

மாமா அப்பீல் போட்டார். அப்பீல் நடக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால் அதுவும் போய்விடும் என்பதால், அவரும் வர முடியவில்லை. பையனைத் தனியே அனுப்பினால் அவனும் திரும்பிப் போக முடியாது. இன்றைக்கு முடியும், நாளைக்கு முடியும் என்று நம்பியே ஒவ்வொரு வருஷமும் போயிற்று. அறுபதுகளில் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோதுதான் மாமாவும் பையனும் இந்தியாவின் பங்குக்கு வந்தார்கள். அப்போது பையனுக்கு இருபது வயது. மீசை வைத்திருந்தான். அத்தையை "நீங்க" என்று கூப்பிட்டான்.

காகிதம் செத்த அந்த ஆடிக்குப் பிறகு அப்பா பஞ்சாங்கத்தைத் தொடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியொன்றும் நடக்கவில்லை. முன்பைவிட அதிகமாகப் பார்த்தார். சந்தைக்குப் போகக்கூட ராகுகாலம் பார்த்தார். ஆனால் அத்தை இருக்கும் இடத்தில் உட்கார மாட்டார். அவள் வந்தால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். அத்தை அவரை ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் இன்னும் சில வருஷம் இருந்திருப்பார் என்று அம்மா சொல்வாள்.

பையன் வந்து சேராத அந்த வருஷங்களில், தீபாவளிக்குத் தீபாவளி அத்தை அவனுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்புவாள். ராவுத்தர் வீட்டு ஆட்கள் கொழும்புக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அளவுக்கு என்ன செய்வது? அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. என்னைச் செம்பட்டிக்குக் கூட்டிப்போய் டெய்லர் முன்னால் நிறுத்திவிடுவாள். எனக்கும் பாவாடை தைப்பார்கள்தான். ஆனாலும் என்மேல் அளவெடுத்த சட்டை இன்னொருவனுக்குப் போவது எனக்கு ஆகவில்லை. தலை சீவும் கை என்னுடையது என்று நினைத்திருந்தேன். அவள் சீவும்போது என் தோளைத் தடவித் தடவிப் பார்ப்பதும், எழுந்து நிற்கச் சொல்லி ஏற இறங்கப் பார்ப்பதும் என்மேல் உள்ள ஆசையில் மட்டுமில்லையோ என்று லேசாக ஒரு சந்தேகம் வந்திருந்தது.

எனக்குப் பத்து வயதான வருஷம் ஒரு காரியம் செய்தேன். டெய்லர் நாடாவைப் பிடித்ததும் மூச்சை உள்ளே இழுத்து நெஞ்சை ஒடுக்கிக்கொண்டேன். தோள்களைக் குவித்துக்கொண்டேன். அவர் எழுதி வைத்த பழைய அளவைப் பார்த்துவிட்டு, "பாப்பா போன வருசத்துக்கு ஒண்ணும் வளரலயே" என்றார்.

"இருக்கட்டும்ணே. அளவாவே தைங்க. தொளதொளன்னு இருந்தா எம்பிள்ள போட மாட்டான்" என்றாள் அத்தை.

சட்டை போயிற்று. கார்த்திகையில் மாமாவின் கடிதம் வந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்தேன். 'சட்டை பத்தவில்லை. தோளில் பிடிக்கிறது. பொத்தான் போட வரவில்லை. அடுத்த தடவை பெரிதாகத் தைக்கவும்.' படிக்கும்போதே அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

அத்தை அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடியும். மூன்றாம் தடவை படித்ததும் தோட்டத்துப் பக்கம் ஓடினாள். வருஷக்கணக்கில் பேச்சில்லாத அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, சட்ட பத்தலயாம். பொத்தான் போட வரலயாம். இவளவிடப் பெருசா வளந்துட்டாண்ணே எம்பிள்ள."

அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்றார். அத்தை என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, என் தலைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தாள். "இம்புட்டு இருப்பானா? இல்ல, இம்புட்டு இருப்பான்" என்று கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். கை அந்த உயரத்திலேயே நின்றது. சிரித்துக்கொண்டிருந்தவளின் கண்ணிலிருந்து தண்ணீர் என் உச்சந்தலையில் விழுந்தது. அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அத்தை வீட்டுக்குள் போய் ஒரு கட்டி வெல்லம் கொண்டுவந்து முதலில் என் கையில் கொடுத்தாள். சட்டை பத்தாமல் போனதற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா, சந்தோஷம் என்றால் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் பிடிபடவில்லை என்பது மட்டும் விளங்கியது. வெல்லத்தைக் கடித்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.